மலையடிவாரத் தோட்டப் பாதைக்காக வி-கிராஸை மூன்று அங்குலம் உயர்த்தலாமா?

களக்காட்டு வாழை:

அனைவருக்கும் வணக்கம். களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு வாழைத்தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலையை விட்டு இறங்கிய பிறகு ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதையில் செல்ல வேண்டும். அதன் நடுவே ஓர் ஓடை குறுக்கிடுகிறது. ஓடையின் இரு கரைகளும் செங்குத்தானவை. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் மலையிலிருந்து உருண்டு வந்த புதிய கற்கள் பாதையில் கிடக்கும். 2023 டிசம்பரில் பெய்த பெருமழைக்குப் பின் கரை மேலும் அரித்துப் போய், முன்பு டிராக்டர் எளிதாக ஏறிய இடத்தில்கூட இப்போது பார்த்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

என் வண்டி 2017-இல் வாங்கிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், நான்கு சக்கர இயக்கம் உள்ளது. இப்போது அதில் 245/70 ஆர் 16 அளவு டயர்கள் உள்ளன (அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 70 பங்கு, ரிம் 16 அங்குலம்). உரமூட்டை, சொட்டுநீர்க் குழாய், சில நாட்களில் வாழைத்தார் என்று முந்நூறு, நானூறு கிலோ வரை ஏற்றுவேன். அதே வண்டியில்தான் குடும்பத்தோடு திருச்செந்தூருக்கும் நாகர்கோவிலுக்கும் போய் வருகிறோம்.

ஓடையில் இறங்கி ஏறும்போது முன்பம்பரின் அடிப்பகுதி கரையில் உரசுகிறது. பக்கப்படி கல்லில் இடிக்கிறது. பின்பக்கக் கிரவுன் கூடும் (பின் ஆக்சிலின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி) இரண்டு முறை நன்றாக அடி வாங்கிவிட்டது. ஒரு கடையில் விசாரித்தபோது, முன்னால் ஷாக்கின் தலையில் மூன்று அங்குல ஸ்பேசர் தகடும், பின்னால் ஆக்சிலுக்கு மேல் மூன்று அங்குல பிளாக் கட்டையும் போட்டு, 265/75 ஆர் 16 டயர் மாட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும், அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்றும் சொன்னார்கள். அரை நாள் வேலை என்றதுதான் எனக்குத் தயக்கத்தைக் கொடுத்தது. இந்த அளவு சரிதானா, இதனால் வேறு எந்த உறுப்பு பாதிக்கப்படும், சட்டப்படி இதற்கு இடமுண்டா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பாளை பட்டறை:

வணக்கம் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சஸ்பென்ஷன் வேலை செய்து வருகிறேன். நீங்கள் சொன்ன மூன்று இடிகளும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முன்பம்பரும் பக்கப்படியும் பாடியோடும் சேஸிஸோடும் சேர்ந்தவை. ஆகவே ஸ்பிரிங்கின் மேல் வண்டியைத் தூக்கினால் அவையும் கூடவே தூக்கப்படும். பின்பக்கக் கிரவுன் கூடு அப்படியல்ல. உங்கள் வண்டியில் பின்பக்கம் முழு ஆக்சில். அது நேராகச் சக்கரங்களின் மேல் நிற்கிறது, அதன் மேல் ஸ்பிரிங் பட்டையும் பட்டையின் மேல் சேஸிஸும் உட்கார்ந்திருக்கின்றன. மூன்று அங்குலமல்ல, ஆறு அங்குல பிளாக் வைத்தாலும் கிரவுன் தரையிலிருந்து இருக்கும் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான், அதுவும் டயரின் குறுக்களவு கூடியதில் சரிபாதி மட்டுமே.

கணக்கைப் பாருங்கள். 245/70 ஆர் 16 டயரின் குறுக்களவு ஏறத்தாழ 749 மில்லிமீட்டர். 265/70 ஆர் 16 டயருக்கு 777. கடைக்காரர் சொன்ன 265/75-க்கு 804. ஆகவே முதல் மாற்றில் கிரவுனுக்குக் கிடைக்கும் கூடுதல் உயரம் 14 மில்லிமீட்டர். இரண்டாவதில் 27 மில்லிமீட்டர். இவ்வளவுக்காகத்தான் இத்தனை வேலையும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றை முடிவு செய்யுங்கள். பெரிய டயர் மட்கார்டிலும் உள் லைனரிலும் உரசாமல் இருப்பதற்கு இடம் தருவதுதான் உயர்த்தும் கிட்டின் வேலை. எந்த டயர் தேவை என்பதை முதலில் முடிவு செய்து, அந்த டயருக்கு எவ்வளவு உயரம் போதுமோ அவ்வளவு மட்டும் உயர்த்த வேண்டும். உயரத்தை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற டயரைத் தேடுவது தலைகீழான வழி.

இனி முன்பக்கம். உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், நடுவே காயில் ஸ்பிரிங்கோடு கூடிய ஷாக் என்ற அமைப்பு இருக்கிறது. ஷாக்கின் கீழ்முனை கீழ் ஆர்மின் வெளிமுனையில் அல்ல, ஏறத்தாழ நடுப்பகுதியில் பொருந்தியிருக்கிறது. எனவே ஷாக்கின் தலையில் ஓர் அங்குலத் தகடு வைத்தால், சக்கரத்தில் அது ஏறத்தாழ இரண்டு அங்குல உயர்வாகத் தெரியும். கடையில் சொன்ன மூன்று அங்குலம் ஸ்பேசரின் கனமா, சக்கரத்தில் கிடைக்கும் உயர்வா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஸ்பேசரின் கனமே மூன்று அங்குலம் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சக்கரத்தில் மூன்று அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்பக்கக் கிரவுன் சேஸிஸோடு மேலே போய்விடும். சக்கரம் கீழேயே நிற்கும். இரண்டையும் இணைக்கும் ஆக்சில் ஷாஃப்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட் கூடுதல் சாய்வில் சுழல வேண்டியிருக்கும். அதன் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மணல் உள்ளே போகும். மேல் ஆர்மின் பால் ஜாயின்ட்டும் தன் எல்லையை நெருங்கிவிடும். முன்சக்கர அமைப்பின் சாய்வுக் கோணங்களான கேம்பரையும் காஸ்டரையும் அலைன்மென்ட் போல்ட்டுகளால் சரிசெய்யக்கூடிய எல்லையும் ஏறத்தாழ இரண்டு அங்குலத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போக வேண்டுமானால் மேல் ஆர்மையே மாற்ற வேண்டும், முன் கிரவுனைக் கீழிறக்க வேண்டும். தோட்டத்துக்குப் போய் வரும் வண்டிக்கு அது தேவையில்லாத செலவு.

ஆகவே என் பரிந்துரை 265/70 டயரும், முன்பக்கம் சக்கரத்தில் ஒன்றரை அங்குல உயர்வும்தான். அதையும் ஸ்பேசரால் பெறாமல், காயிலையும் ஷாக்கையும் இணையாக மாற்றிப் பெறுங்கள். ஸ்பேசர் வைத்தால் வண்டி உயருமே தவிர, பழைய ஷாக்கின் ஓட்டம் கூடுவதில்லை. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஆர்ம் முன்பைவிடக் கீழே இழுக்கப்பட்டு, பூட்டும் பால் ஜாயின்ட்டும் அடி வாங்கும். காயில் வாங்கும்போது முன்பக்கத்தில் இரும்பு பம்பரோ வின்ச்சோ போடப் போகிறீர்களா என்பதைச் சொல்லி, அந்த எடைக்கு உரியதைக் கேளுங்கள். கனமான பம்பருக்கான காயிலை வெறும் வண்டிக்குப் போட்டால், நீங்கள் எண்ணியதைவிட ஓர் அங்குலம் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு, ஓட்டத்திலும் முரட்டுத்தனமாக இருக்கும்.

பின்பக்கம் மூன்று அங்குல பிளாக் வேண்டவே வேண்டாம். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே உயரமான கட்டையை வைத்தால், சுமையோடு கரை ஏறும்போது ஆக்சில் முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளும்; பட்டை வளைந்து நெளியும்; ஷாஃப்டின் மூட்டான கிராஸ் சீக்கிரம் போகும். நானூறு கிலோ ஏற்றுகிறீர்கள் என்பதால், அந்தச் சுமைக்கென்று செய்யப்பட்ட புதிய பட்டைச் செட்டே சிறந்தது. ஏற்கெனவே உள்ள செட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பதும் கேடில்லை. ஆனால் சுமையில்லாத நாளில் பின்னிருக்கைக்காரர்கள் குலுங்குவார்கள். சுமையில்லாதபோது வண்டியின் பின்பக்கம் இயல்பாகவே சற்று உயர்ந்திருப்பதால், முன்பக்கத்தைவிடக் குறைவாக, ஓர் அங்குலம் உயர்த்தினால் போதும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைப் பற்றியும் இங்கே எச்சரிக்க வேண்டும். பழைய பட்டையை உலையில் காய்ச்சி, கூடுதலாக வளைத்து மாட்டித் தருவோரும் உண்டு. லாரிப் பட்டையில் நல்ல அரிவாள் அடிக்கும் கொல்லர், காய்ச்சிய பின் அதற்கு மறுபடி பதம் ஏற்றுகிறார். அந்தப் பதம் ஏற்றாமல் வளைத்து விடும் பட்டை சில மாதங்களில் தொய்ந்துவிடும், அல்லது சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது ஒடிந்துவிடும். பட்டையைக் காய்ச்சாமல் குளிர்ந்த நிலையிலேயே அடித்து வளைப்பவரிடம் மட்டும் அந்த வேலையைக் கொடுக்கலாம்.

ராதாபுரம் காற்றாலை:

பட்டறைக்காரர் சொன்னதை என் வண்டியில் நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். காற்றாலைப் பராமரிப்பு வேலைக்காக ராதாபுரம், பணகுடி, காவல்கிணறு பகுதிகளில் நாள்தோறும் ஓட்டுகிறேன். அதே இனத்துப் பிக்கப்தான். முன்பக்கம் ஸ்பேசர், பின்பக்கம் பிளாக், சக்கரத்தில் மூன்று அங்குலம். முதல் மாதம் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றியது.

ஆறாவது மாதத்தில் வலது பக்க பூட் கிழிந்தது. முன்டயர்களின் உள் ஓரம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. அலைன்மென்ட் செய்யுமிடத்தில், இதற்கு மேல் போல்ட்டைத் திருப்ப இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இவையெல்லாம் பணத்தோடு போயின. என்னை உண்மையில் அச்சப்பட வைத்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று நாற்கரச் சாலையில் குறுக்காக எவ்வளவு வேகத்தில் அறையும் என்பது இந்தப் பக்கத்தில் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். ஒருநாள் சுமையில்லாத வண்டியில் காவல்கிணற்றுக்குத் தெற்கே ஒரு பேருந்தைக் கடந்து அதன் மறைவிலிருந்து வெளியே வந்த கணத்தில் காற்று அடிக்க, வண்டி ஒரு தடத்தின் பாதி அகலத்துக்கு நகர்ந்துவிட்டது. பழைய உயரத்தில் அதே இடத்தில் நூறு முறை கடந்திருக்கிறேன், அப்படி நேர்ந்ததில்லை. காஸ்டர் குறைந்திருந்ததால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணத்தையும் இழந்திருந்தது. உயரமும் அதுவும் சேர்ந்து செய்த வேலை அது. நீங்கள் நாகர்கோவிலுக்குக் குடும்பத்தோடு போவதும் அந்தச் சாலையில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

இப்போது ஒன்றரை அங்குலத்துக்கு இறக்கி, சரியான காயிலும் ஷாக்கும் போட்டு ஓட்டுகிறேன். டயர் 265/70. முழுதாக ஸ்டீயரிங்கைத் திருப்பி ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் லைனரின் பின்மூலையில் சற்று உரசியது. லைனரைச் சூடுகாட்டி உள்ளே தள்ளியதும் நின்றுவிட்டது.

ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். ஐந்தாவது டயரும் அதே அளவில் இருக்க வேண்டும். 265/75 டயரை எடுத்துப் போயிருந்தபோது எனக்கு அது பின்தொட்டிக்கு அடியில் முழுதாக ஏறி உட்காரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த அந்த டயரே கல்லில் இடித்தது.

தேரிக்காட்டு மணல்:

சாத்தான்குளத்துப் பக்கம் தேரி மணலில் பனைத்தொழில் சார்ந்த பொருள்களை ஏற்றி இறக்குகிறேன். உயரத்தைவிட டயரின் காற்று எனக்கு அதிகம் உதவியிருக்கிறது என்பதைச் சொல்லவே வந்தேன். தார்ச்சாலையில் 32, 34 என்று வைத்திருக்கும் காற்றை, மணலில் இறங்குமுன் 18-க்குக் குறைத்துவிடுவேன். டயர் நீளவாக்கில் பரந்து மணலின் மேல் மிதந்து போகும். பெரிய டயர் போட்டும் காற்றைக் குறைக்காமல் இறங்கிய ஒரு வண்டி, அச்சுவரை புதைந்து கிடந்ததைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன்.

உங்கள் பாதை கல் நிறைந்தது என்பதால் அவ்வளவு குறைக்க வேண்டாம். பக்கச்சுவர் கல்லில் கிழிந்துவிடும். 24 அளவில் வைத்து மெதுவாக ஏறிப் பாருங்கள், டயர் கல்லை அணைத்துக்கொண்டு ஏறும். சுமை ஏற்றிய நாளில் குறைக்கக் கூடாது. சாலைக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றிக்கொள்ள ஒரு சிறிய கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்க வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

குற்றாலச் சாரல்:

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் தென்காசியில் வண்டிக் காப்பீடு சார்ந்த பணியில் இருப்பதால் அதை மட்டும் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த மூல அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதிப்படுத்தியது. அதே 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் அபராதமோ விதிக்க 182ஏ பிரிவில் இடமுண்டு.

நடைமுறையில், தேய்ந்த ஷாக்கையும் பட்டையையும் மாற்றுவது பழுதுபார்ப்பாகவே கருதப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும்படி உயர்த்திய வண்டியும் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரும்தான் சோதனையில் நிறுத்தப்படுகின்றன. அதற்காக ஒன்றரை அங்குலத்துக்குச் சட்டத்தின் அனுமதி உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் டயர் அளவையும் உயரத்தையும் குறித்துக்கொள்வார், அதைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்படலாம். ஆகவே வேலை செய்வதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாழைத்தாரோடு புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் எண்ணமிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அங்கே மாற்றியமைத்த வண்டிகளைக் கண்டிப்பாகச் சோதிக்கிறார்கள்.

களக்காட்டு வாழை:

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னதற்குப் பிறகு ஒரு வேலை செய்தேன். தோட்டத்து ஆள் ஒருவரை ஓடையில் நிற்க வைத்து, வண்டியை மெதுவாக இறக்கி, எந்த இடத்தில் எந்தக் கல் எதில் இடிக்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டோம். கிரவுனில் இடிப்பது இரண்டே கற்கள்தான் என்று தெரிந்தது. கடப்பாரையால் அவற்றைப் புரட்டி, அரித்துப்போன பள்ளத்திலேயே உருட்டிவிட்டோம். இவ்வளவு நாள் அதைச் செய்யாமல் இருந்திருக்கிறேன். கரையில் பம்பர் உரசுவதும் பக்கப்படி இடிப்பதும் மட்டும் இன்னும் இருக்கின்றன. பக்கப்படியைக் கழற்றிவிட முடிவு செய்திருக்கிறேன். அம்மா ஏறி இறங்க மட்டும் ஒரு சிறிய முக்காலி வண்டியில் இருக்கும்.

265/70 டயரும் ஒன்றரை அங்குல காயிலும் என்று மனத்தளவில் முடிவாகிவிட்டது. போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்ட பிறகே பணம் கட்டுவேன். ரிம்மை மாற்ற வேண்டுமா, வேலை நடக்கும்போது நான் உடனிருந்து எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பட்டறை அண்ணாச்சி சொல்ல வேண்டும். ஓடையில் தண்ணீர் ஓடும் நாளில் இந்த உயரம் உதவுமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பாளை பட்டறை:

கல்லைப் புரட்டியது கேட்டு மிகவும் மகிழ்ந்தேன் அண்ணாச்சி.

ரிம்மின் உட்புறத்தில் அதன் அகலம் பொறிக்கப்பட்டிருக்கும். ஏழு அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் 265 டயருக்கு அதுவே போதும். ஆஃப்செட் மாறிய ரிம்மை வாங்கிச் சக்கரத்தை வெளியே தள்ளாதீர்கள். வீல் பேரிங்குக்குக் கேடு, மட்கார்டிலும் உரசும். டயரின் பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீடு பழைய டயரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும்.

வேலைக்கு முன் நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் வேறுபாடும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். காயிலை அழுத்தி இறக்குவதற்கு உரிய கம்ப்ரஸர் இல்லாத இடத்தில் வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அழுத்திய காயில் நழுவினால் ஆளைக் கொன்றுவிடும். ஆர்ம்களின் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் நின்று எடையை வாங்கிய பிறகே கடைசி முறுக்கைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். அரை நாளில் முடிப்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான். பின்பட்டைக்குப் பழைய யூ போல்ட்டையே திரும்ப மாட்ட விடாதீர்கள். ஒருமுறை முறுக்கி நீண்ட போல்ட் மறுமுறை அதே பிடியைத் தராது.

சக்கரங்களைத் தொங்கவிட்ட நிலையில் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடுகின்றனவா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பிறகு அலைன்மென்ட், அதன் பிறகு ஹெட்லைட்டின் கோணத்தைக் கீழே இறக்குவது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நீங்கள் உண்மையில் முன்பைவிட நூற்றுக்கு நான்கு பங்கு அளவு கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். டயர் எடை கூடியிருப்பதால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் சற்று நீளும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, ஒன்றரை அங்குலத்தை நம்பி ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். கணுக்காலளவு, முழங்காலுக்குக் கீழே என்று நடந்து பார்த்த தண்ணீரில் மட்டும் இறங்குங்கள். அதற்கும் பின் ஆக்சிலுக்குள் காற்று போய் வரும் பிரீதர் குழாயை நீட்டி, பின்தொட்டியின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டச் சொல்லுங்கள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் ஏற்கெனவே பல மழைக்காலங்களில் கடந்திருப்பதால், இந்த வேலையின்போதே பின் கிரவுன் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். கழுவிவிட்டுப் புதிய ஆயில் ஊற்ற வேண்டும், கூடு இரண்டு முறை அடி வாங்கிய இடத்தில் நெளிவோ கசிவோ இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வண்டி கைக்கு வந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை ஒருமுறையும், ஆயிரம் கிலோமீட்டரில் இன்னொரு முறையும் டார்க் ரெஞ்சு வைத்து முறுக்கிக்கொள்ளுங்கள். முதல் முறை தோட்டத்துக்குப் போய் வந்த மறுநாளே பாருங்கள். கல்பாதையில் ஓடிய பிறகுதான் புதிய பட்டை தன் இடத்தில் சரியாக உட்காரும்.